மூன்று விரல் அகலம்

வானொலி அறிவிப்பாளருக்கு முகம் எதற்கு, குரல் போதாதா என்று பலர் கேலியாகக் கேட்பதுண்டு. ஆனால், 'அம்மா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அ' சொல்ல வாய் திறக்க வேண்டும். 'ம்' சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டும். எனக்கு இந்த இரண்டுமே சிரமமாகிவிட்டன.

காரணம் ஸ்கிளரோடெர்மா. கிரேக்க மொழியில் 'கெட்டியான தோல்' என்று பொருள். நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கத் தொடங்க, கொலாஜன் அளவுக்கு மீறி உருவாகித் தோல் இறுகிவிடுகிறது. கொலாஜன் பானம் வாங்கிக் குடிக்கும் தோழிகளிடம், "எங்கிட்ட நெறையவே இருக்கு, எடுத்துக்கோங்க" என்பேன். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் வரும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

ஒலிபரப்பு அறையின் குளிரில் என் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்தன. அதுதான் முதல் அறிகுறி. அடுத்து முகம். உதடுகள் மெலிந்தன. வாயைச் சுற்றிச் சுருக்குப் பையின் வாய்போல் செங்குத்துக் கோடுகள் விழுந்தன. மூக்கு கூர்மையானது. கன்னங்களில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. ஒரு திருமண விருந்தில் அத்தை ஒருவர், "நெத்தியில ஒரு சுருக்கம்கூட இல்லையே, என்னம்மா கிரீம் போடுற?" என்று கேட்டார். சிரிக்க முயன்றேன், முகம் ஒத்துழைக்கவில்லை.

மருத்துவர் ஓர் எளிய சோதனை சொன்னார். விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வையுங்கள். பொதுவாக மூன்று விரல் நுழையும். எனக்கு இரண்டே தடுமாறியது. ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத்தான் சாப்பிட முடிந்தது. கடைவாய்ப் பல்லுக்குத் தூரிகை எட்டவில்லை. அவசர அறுவைச் சிகிச்சை என்றால், மயக்க மருந்து நிபுணர் தொண்டைக்குள் குழாய் செலுத்துவதும் கடினம்.

முகத்தைக் கவனிக்குமுன் நோய் அடங்க வேண்டும் என்றார்கள். நுரையீரல், இதயம், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதித்தார்கள். தினமும் வாயை அகட்டி நீட்டும் பயிற்சி தந்தார்கள். சிவப்புப் புள்ளிகளுக்கு லேசர். புள்ளிகள் மங்கும், ஆனால், புதிதாகவும் வரலாம். அதுவரை பச்சை நிறப் பூச்சைத் தடவி, அதன்மேல் ஒப்பனை செய்தால் சிவப்பு மறையும்.

உதடுகளுக்குக் கொழுப்பு மாற்றுச் சிகிச்சை. வயிற்றிலிருந்து நம் கொழுப்பையே உறிஞ்சி, சுத்தப்படுத்தி, மெல்லிய குழாய்மூலம் வாயைச் சுற்றிச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். அது உதட்டை நிரப்புவதோடு தோலையும் ஓரளவு இளக்கும். ஒரு பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இன்னொரு முறையும் தேவைப்படலாம். வாயின் ஓரங்களை வெட்டி அகலப்படுத்தும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. அது அரிதாகத்தான் செய்யப்படுகிறது.

காப்புறுதி நிறுவனம் 'அழகுச் சிகிச்சை' என்று சொல்லிக் கைவிரித்தது. அம்மாவும், "உசுரோட இருக்கியே, அது போதும்மா. மூஞ்சிக்கு எதுக்கு ஊசி?" என்றார். "சோறு சாப்பிடவும் பேசவும்தானேம்மா வாய்?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "எப்ப போகணும்?" என்று கேட்டார்.

இரண்டு முறை செய்துகொண்டேன். பழைய முகம் திரும்பவில்லை. வாய் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கிறது, அவ்வளவுதான். ஆனால், அந்தச் சில மில்லிமீட்டரில் ஒரு கரண்டி நுழைகிறது, பல் மருத்துவரின் கண்ணாடி நுழைகிறது. உதடுகள் ஒட்டுவதால் 'ப'வும் 'ம'வும் தெளிவாக வருகின்றன. கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது எரிச்சல் வருவதில்லை. அழகு என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு ஆசைப்படுவதில் என்ன குற்றம்?

குளிரில் விரல் நிறம் மாறினாலோ, முகத்தோல் இறுகினாலோ அழகு நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். முதலில் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் நிபுணரைப் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் யாருடைய முகமாவது மாறியிருந்தால், அதைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். அவர் முடிக்கும்வரை இலையை மூடாதீர்கள்.