வீட்டுவேலையும் வீடும்

இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கட்டணம் செலுத்த இயலாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. கன்னங்கராவின் பெயர் இன்றும் நன்றியுடன் நினைக்கப்படுவதற்கு அதுவே காரணமாகும். ஆயினும், பாடசாலை விட்ட பின்னர் பிள்ளைக்குத் துணை யார் என்ற வினாவுக்குச் சட்டத்தால் விடை கூற இயலவில்லை. ஆசிரியர் வீட்டுவேலை கொடுக்கும்போது, வீட்டிலே ஒரு மேசையும், ஒரு விளக்கும், கேட்டால் விளக்கந் தர ஒருவரும் உண்டு என எண்ணிக்கொள்கிறார். மூன்றாவது துணை தமக்கில்லை என்று கருதும் வீடுகள் பல.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினால் வடமராட்சிக் கரையிலே படகுகள் முடங்கிக் கிடந்தன. கடற்றொழிலாளி ஒருவரின் மகன், எட்டாந் தர மாணவன், பணங் கட்ட வழியின்றித் தனியார் வகுப்பை நிறுத்திவிட்டு அயல்வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தான். எரிபொருள் நெருக்கடியால் ஊர் திரும்பியிருந்த கலைப்பீட மாணவன் ஒருவன் அங்கே இருந்தான்.

முதற் கிழமையில் அவன் எல்லாவற்றுக்கும் விடை சொன்னான். கணிதம், வரலாறு, விஞ்ஞானம் எதுவாயினும் சிறுவன் கேட்டெழுதினான்.

“தம்பி, உங்கட புண்ணியத்திலை கொப்பியெல்லாம் சரியாய் வருகுது” என்று தந்தை மகிழ்ந்தார்.

அடுத்து வந்தது ‘எனது கிராமம்’ என்ற கட்டுரை. பட்டதாரியாகப் போகின்றவனின் தமிழ் பெருக்கெடுத்தோடியது. பச்சைக் கம்பளம் விரித்த வயல்களும், சலசலத்தோடும் வாய்க்காலும் அதில் இடம்பெற்றன. வகுப்பிலே சிறுவன் அதனை வாசித்தபோது, “உங்கட ஊரிலை வயல் எங்கையடா?” என ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது.

இரண்டு நாள் சிறுவன் வரவில்லை. மூன்றாம் நாள் கொப்பியுடன் வந்து நின்றான். “அண்ணை, இதை நான் எழுதட்டோ?”

அவ்வினா பெரியவனைச் சுட்டது. உதவி என்று அவன் எண்ணியது, ஒரு பிள்ளையின் வாயை அடைத்துத் தான் பேசியதேயன்றி வேறில்லை.

அன்றுமுதல் விறாந்தையின் முறை மாறியது. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று சிறுவன் எழுதினான். பெரியவன் பிழை என்று சொல்லாது, ஒரு ரொட்டியைப் பிய்த்து, “பாதி ரொட்டியோடை இன்னும் கொஞ்சம் சேர்த்தால், பாதியிலும் குறையுமோ?” என்று கேட்டான். சிறுவன் சற்றுநேரம் ரொட்டியைப் பார்த்திருந்துவிட்டு, தானே பகுதியெண்களைச் சமப்படுத்தி ஆறில் ஐந்து என்றான். மாப்பொருட் சோதனை பற்றிய வினாவுக்குப் பெரியவனிடம் விடை இருக்கவில்லை. “எனக்குத் தெரியாது, பாப்பம்” என்றான். இருவருமாகப் பாடநூலைப் படித்து, அவித்த மரவள்ளித் துண்டொன்றின்மேல் அயடீன் துளி விட்டனர். அது கருநீலமாயிற்று. சிறுவன் அதை மறக்கப்போவதில்லை.

கட்டுரையும் மீண்டும் எழுதப்பட்டது. மொத்தம் ஒன்பது வசனங்கள். அதில் ‘வலை’ என்பது ‘வளை’ என்றிருந்தது. “அப்பா கடலிலை போடுறது வலையோ, வளையோ?” என்று கேட்டதும் சிறுவன் சிரித்துத் திருத்திக்கொண்டான்.

அன்றிரவு அதனைத் தந்தைக்கு வாசித்துக் காட்டினான். அவர் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினார். இந்த மாதத்தில் வீசுவது வாடையன்று, சோளகம் என்றார். பின்பு காற்றுகளின் பெயர்களையும், ஒவ்வொன்றும் வீசுங் காலத்தையும் சொல்லத் தொடங்கினார். அவ்வீட்டில் விளக்கந் தர ஒருவர் முன்னரும் இருந்தார். அவரிடம் கேட்கத்தக்க வினா அதுவரை எழவில்லை.

இலவசக் கல்வியால் பல்கலைக்கழகம் வரை வந்தோர் அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பட்ட கடன் ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கடனை விடைகளாகச் செலுத்துதல் எளிது. பிள்ளை தானே விடை காணுமட்டும் அருகிலே பொறுத்திருத்தலே அரிது.

புதிய கட்டுரைக்குக் கிடைத்த புள்ளி அதிகமன்று. ஆனால் அதனை வாசித்தபோது வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.