ஆடிய கண்ணாடி

எம் தந்தையார் எமக்கு விட்டுச்சென்ற சொத்து ஒரு மொறிஸ் மைனர் கார். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான அவ்வகை வண்டிகளை யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் காணலாம். 1990இன் பின், பொருளாதாரத் தடையால் வடக்கிலே பெற்றோல் அரிதானபோது, சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகளுள் எமதும் ஒன்று.

அதன் வலப்புற மட்காட்டின் மேலுள்ள கண்ணாடி சில மாதங்களாக ஆடிக்கொண்டிருந்தது. பாடசாலைக்குப் புறப்படுமுன் கையால் நிமிர்த்துவோம், கைக்குட்டையால் துடைப்போம். அதற்குமேல் எதுவும் செய்தோமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்ட நேரம். வலப்பக்கம் திரும்ப முனைந்து கண்ணாடியைப் பார்த்தோம். அது தலைகவிழ்ந்து மட்காட்டையே காட்டிற்று. பின்னாற் சைக்கிளில் வந்தவன் கூவியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும்! வகுப்பில் உறங்குகின்றான் என்று நாம் முன்வாங்குக்கு மாற்றிய மாணவன் அவன்.

மறுநாட் காலை ஒரு கராச்சுக்குச் சென்றோம்.

"நட்டை இறுக்கிவிட்டாற் போதும், அண்ணை" என்றோம்.

அவர் மட்காட்டின் அடியிற் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"மாஸ்ரர், கண்ணாடியிலை பிழையில்லை. அது நிக்கிற தகடெல்லோ உக்கிப்போச்சு. இறுக்க இறுக்கக் கிழியும்."

தண்டின் கீழிருந்த இறப்பர் வெடித்து, அதனூடே மழைநீர் இறங்கித் துளையைச் சுற்றித் துருப்பிடித்திருந்தது. அவர் துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி உலரவிட்டார். இழுவிசை ஓரிடத்தையே தாக்காது பரவும்படி அடியில் ஒரு தகட்டுத் துண்டு வைத்தார். பழைய லொறி ரியூப்பிலே புதிய இறப்பர் வெட்டினார். அதிர்விலே நட்டு தளராதிருக்க ஸ்பிரிங் வாசர் இட்டு, அளவோடு இறுக்கினார். உதிரிப்பாகம் கிடைக்காத தடைக்காலத்திலே கற்ற வேலையாம். அவர் கேட்ட கூலி, நாம் ஒரு மாலைத் தனிவகுப்பிற் பெறுவதிலும் குறைவு. நாணத்தோடு கூட்டிக் கொடுத்தோம்.

வண்டி புறப்பட்டது. கண்ணாடியில் வீதி ஆடாமல் நின்றது. அந்த மாணவனின் நினைவு வந்தது. அவனை இடம் மாற்றினோம், ஏசினோம், நிமிர்ந்திரு என்றோம். இரவில் அவன் என்ன வேலை செய்கின்றான், வீட்டில் அடுப்பெரிகின்றதா என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

வீட்டுக்குச் செல்லாது, அவன் குடியிருக்கும் ஒழுங்கைப் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.