தோளுக்கு அப்பால் ஒரு பஞ்சமம்

காசியில் அனுமன் கட்டத்தை ஒட்டிய சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய ஒரு வீட்டின் மாடியறையில், வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண் குடியிருக்கிறாள். ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பிய பின் அவள் நாள்தோறும் ஒரு மணி நேரம் வயலின் வாசிப்பாள். அந்த ஓசை கேட்டுத்தான், சென்ற மழைக்காலத்தில் கீழ்வீட்டு அம்மா தம் ஒன்பது வயது மகளுடன் படியேறி வந்தார். சிறுமியின் கையில் அவளுடைய தாத்தாவின் வயலின் இருந்தது.

"இவளுக்குக் கை ரொம்பச் சின்னதா இருக்கு. மேல் ஸ்தாயி வரிசை வந்ததும் அழுதுடறா. பேசாம பாட்டுக்கே மாத்திடலாமான்னு பாக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது அவளுக்குப் படவில்லை. பதினோரு வயதில் அதே கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை பெற்றவள் அவள். ஊரில் அவளுக்குக் கற்பித்தவர் ஒருநாள் அவளுடைய இடக்கையைத் தம் உள்ளங்கைமேல் விரித்து வைத்துப் பார்த்து, "இந்தக் கை மேலே போகாது" என்றார். அவர் கடுமையானவர் அல்லர். மழை வரும் என்று சொல்வதைப் போலவே அதையும் சொன்னார். அன்று முதல் அவள் விரல்களுக்கிடையே தக்கைகளைச் செருகிக்கொண்டு உறங்கினாள். கை நீளவில்லை. கட்டைவிரலின் அடியில் வலி மட்டும் குடியேறியது. பதினான்காம் வயதில் வயலின் பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

காசிக்கு வந்த முதல் குளிர்காலத்தின் தனிமையில்தான் அப்பெட்டி மீண்டும் திறந்தது. விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை, அச்சத்தையும் மறக்கவில்லை. தார ஷட்ஜத்தைத் தாண்டியதும் கை இறுகியது. ஆனால் இப்போது அவள் அளந்து பார்க்கப் பழகியவள். ஒருநாள் எஃகு அளவுகோலை எடுத்து வயலின்மேல் வைத்தாள்.

முழு அளவு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 328 மில்லிமீட்டர். நம் மரபில் சுருதி சேர்க்கும்போது மெல்லிய தந்தி மத்திய ஸ்தாயிப் பஞ்சமம். அத்தந்தியில் தார ஷட்ஜம் தொடக்கத்திலிருந்து 82 மில்லிமீட்டரில் பிறக்கிறது. மாயாமாளவகௌளையின் தார காந்தாரம் 131-இல். மத்திமம் 143-ஐ ஒட்டி. தார பஞ்சமம் சரியாக நடுவில், 164-இல். வயலினின் கழுத்தோ சுமார் 130 மில்லிமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதாவது காந்தாரம் வரை கை கழுத்தின்மீது செல்கிறது. மத்திமம் முதல் வயலினின் தோளைத் தாண்டி, உடலின்மேல் ஏறியாக வேண்டும். குழந்தைகள் மேல் ஸ்தாயி வரிசையில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதற்கு அந்தத் தோளே காரணம்.

அளவுகோல் மற்றொன்றையும் சொன்னது. கீழே, திறந்த தந்தியின் பஞ்சமத்திலிருந்து தார ஷட்ஜம் வரையுள்ள நான்கு ஸ்வரங்களுக்குக் கை 82 மில்லிமீட்டரைத் தழுவ வேண்டும். அதே நான்கு ஸ்வரங்கள் தார பஞ்சமத்திற்கு மேலே 41 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. பஞ்சமத்திலிருந்து சுத்த தைவதத்திற்குக் கீழே 20 மில்லிமீட்டர், மேலே பத்தே. தந்தி பாதியாகக் குறுகும்போது ஸ்வரங்களுக்கிடையே உள்ள தூரமும் பாதியாகிறது. தடித்த விரல் உடையவர்கள்தாம் அங்கே ஒரு விரலை விலக்கி மறு விரலுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். மெலிந்த சிறு விரல்களுக்கு அது இயல்பான வீடு. எந்த இடத்திற்குத் தகுதியில்லை என்று அவளிடம் சொல்லப்பட்டதோ, அந்த இடமே அவளுடைய கைக்கு மிகவும் பொருந்துவது.

எனில் வலி எங்கிருந்து வந்தது? அதற்கு விடை அளவுகோலிடம் இல்லை. என். ராஜம் பல்லாண்டுகள் கற்பித்த நகரம் இது. இந்துஸ்தானி வயலினை அமர்ந்தபடி வாசிப்போர் இங்கே உண்டு. அவர்களுள் வயது முதிர்ந்த ஓர் ஆசிரியையிடம் அவள் சென்றாள். அவர் அவளுடைய விரல்களைப் பார்க்கவே இல்லை. சிறிது நேரம் கேட்டுவிட்டு, "பேட்டி, விரலை மறந்துவிடு. முழங்கை எங்கே இருக்கிறது பார்" என்று இந்தியில் சொன்னார்.

முழங்கை இடப்புறம் வெளியே நின்றிருந்தது. கட்டைவிரல் கழுத்தின் நடுவில் ஆணியடித்தாற்போல் அப்படியே இருந்தது. கட்டைவிரலைக் கீழே விட்டுவிட்டு விரல்களை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறாள் அவள். பெரிய கை உடையவர்களுக்கு அந்தப் பிழையைக் கையின் நீளம் மறைத்துவிடும். சிறிய கையில் மறைக்க இடமில்லை. செய்ய வேண்டியது இவ்வளவே: ஏறுவதற்கு முன்பே முழங்கை வலப்புறம், வயிற்றை நோக்கி உள்ளே வர வேண்டும். அப்போது உள்ளங்கை வயலினின் தோளில் முட்டாமல் அதன்மேல் எழும். கட்டைவிரல் கையோடு சேர்ந்தே நகர்ந்து, கழுத்து உடலோடு சேரும் மூட்டின் வளைவில் சென்று தங்க வேண்டும். அதற்கும் மேலே போகும்போது, கட்டைவிரல் குட்டையாக இருந்தால், அந்த வளைவையும் விட்டு வயலினின் விளிம்பில் மெல்லச் சாய்ந்துகொள்ளலாம். அதில் குற்றம் ஏதுமில்லை.

இதற்கு நம் அமர்வு முறை பெருந்துணை. நின்று வாசிக்கும் ஐரோப்பியரின் கருவி தோளிலும் தாடையிலும் தங்கியிருக்கிறது. தாடை தாங்கி வந்ததே 1820 அளவில்தான். அதற்கு முன் இடக்கை கருவியைத் தாங்கவும் வேண்டும், ஸ்வரம் தேடவும் வேண்டும். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம் இசைக்குள் நுழைந்து, தரையில் அமர்ந்தது. மார்பிலும் வலக்காலிலுமாக இரு முனைகளும் தாங்கப்பட்டதால் இடக்கைக்குச் சுமை குறைந்தது. ஜாருவும் கமகமும் தடையின்றி ஓட வழி பிறந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கமும் அந்த ஓட்டத்திற்காகவே. இவ்வளவு விடுதலை பெற்ற கையை அவள் பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்தாள்.

ஆசிரியை கொடுத்த பயிற்சி தலைகீழானது. கீழிருந்து ஏறாதே, மேலிருந்து இறங்கு. தந்தியின் நடுப்புள்ளியை அழுத்தாமல், ஓர் இலையைத் தொடுவதுபோல் தொட்டு வில்லை இழுத்தால், தார பஞ்சமம் மணிபோல் ஒலிக்கும். அங்கே அழுத்தம் தேவையில்லையாதலால் கை இறுகுவதற்குக் காரணமும் இல்லை. கை சரியாக வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் விரலைச் சிறிது சிறிதாக அழுத்துவது. மேலே தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி அதிகம். பலகையைத் தொடும்வரை அழுத்த முற்படுவது வீண். ஸ்வரம் தெளிவாக நிற்கும் அளவே போதும். தந்தி குறுகுவதால் வில்லும் குதிரையை நோக்கிச் சற்று நகர வேண்டும். இல்லையேல் ஒலி மெலிந்து, குற்றம் விரலின்மேல் விழும்.

ஐந்து மாதங்களில் வலி அகன்றது. எல்லாமும் வசப்பட்டுவிடவில்லை. கீழ் நிலையில் சுண்டுவிரல் எட்ட வேண்டிய சில இடங்கள் இன்றும் அவளுக்கு எட்டுவதில்லை; அங்கே நீட்டாமல் நகர்கிறாள். விரைவுக் கற்பனை ஸ்வரங்களில் அது ஒரு குறைதான். அந்தக் குறையோடு வாசிக்க அவள் பழகிக்கொண்டாள்.

இவ்வளவும் பின்னால் இருந்தும், படியேறி வந்த தாயிடம் என்ன சொல்வதென்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. 'கை தடையல்ல' என்று சொல்லிவிடலாம். ஆனால் சிறுமியின் மடியில் இருந்தது முழு அளவு வயலின், 356 மில்லிமீட்டர் உடல். அதன்மேல் அந்தக் கை தோளைத் தாண்ட முயல்வதைக் கண்டபோது, தன் கட்டைவிரலடியில் பழைய வலி ஒருமுறை எழுந்து அடங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. ஊக்கம் தருகிறேன் என்று அந்தக் குழந்தையை அதே கருவியோடு திருப்பி அனுப்பினால், தனக்கு நேர்ந்ததே இனிய சொற்களோடு மீண்டும் நேரும்.

"கையில குறை இல்லைம்மா. வயலின்தான் இவளுக்கு இப்போ பெரிசு. அரை அளவு ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள்.

தாயின் முகம் வாடியது. "அது எங்கப்பா வாசிச்சது. அவர் போன பிறகு இவ எடுத்து வாசிக்கறான்னுதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. கீழே படித்துறையில் மாலை விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். சிறுமி தாத்தாவின் வயலினை நகரவிடாமல் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். தன்னிடமிருந்து அதைப் பிடுங்கப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆய்வு மாணவி அவளைத் தன்னருகே நிற்க வைத்தாள். வயலினை அவளுடைய இடத்தோளில் வைத்து, இடக்கையை முழுதும் நீட்டச் சொன்னாள். கருவியின் முனையில் உள்ள சுருளை உள்ளங்கை அணைத்து, விரல்கள் அதன்மேல் மடங்க வேண்டும். அளவு பார்க்கும் பழைய முறை அது. சிறுமியின் விரல்கள் பிரடைகளுக்கு முன்பே நின்றுவிட்டன.

"இந்தச் சுருள் உன் கைக்குள்ள அடங்கற அன்னிக்கு, இது உன்னோடது. அதுவரைக்கும் தாத்தா வயலின் உனக்காகக் காத்துட்டு இருக்கும். சரியா?"

சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தார்.

இரண்டு வாரத்தில் அரை அளவு வயலின் வந்தது. முதல் நாள் ஸ்வரம் எதுவும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. நடுப்புள்ளியைத் தொட்டு வில்லை இழுக்க மட்டும் சொன்னாள். பஞ்சமம் ஒலித்தது. சிறுமி தன் விரலை எடுத்துப் பார்த்தாள், மீண்டும் வைத்தாள், மீண்டும் ஒலித்தது. அன்று மாலை முழுதும் அவள் வேறெதுவும் வாசிக்கவில்லை.

ஞாயிறுதோறும் பாடம் முடிந்ததும் பெரிய வயலின் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. சிறுமி கையை நீட்டுகிறாள். சென்ற வாரம் அவளுடைய நடுவிரல் நுனி, பிரடைகளைக் கடந்து சுருளின் விளிம்பைத் தொட்டது. "தொட்டுட்டேன் அக்கா" என்று கத்திக்கொண்டே அவள் படியிறங்கி ஓடினாள். அவள் போன பிறகு, பெட்டிக்குள் வைக்குமுன் அந்தத் தாத்தாவின் வயலினை ஆய்வு மாணவி ஒருமுறை மடியில் வைத்தாள். தார பஞ்சமத்தை வாசித்து, சற்று நேரம் அங்கேயே நின்றாள்.