மாரிக்காலத்தில் எம் வண்டி

மேனாட்டார் பலர் குளிர்காலத்தில் தம் மோட்டார் சைக்கிளைக் கொட்டிலில் பூட்டிவைப்பர். பனியுருகும்பொருட்டு வீதியில் தூவும் உப்பு இரும்பை அரித்துவிடுமன்றோ! நெல்லிக்குப்பத்தினராகிய எமக்கு அவ்வசதி இல்லை. ஐப்பசி அடைமழையிலும் கடலூர் சென்றாகல் வேண்டும். ஆங்கு உப்பைக் கொண்டற்காற்றே கடலினின்று கொணர்கின்றது.

எம்முடையது தந்தையார் ஈந்த பழைய புல்லட். 1955ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் ஆக்கம். "தைக்குள் துருவேறினால் விற்றுவிடுவேன்" என்பது அவர் நிபந்தனை.

ஆகவே சனிக்கிழமைதோறும் சங்கிலியை மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெயிடுவோம். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாய்த் துடைப்பதுதான் பெரும்பாடு. பாயிண்டில் ஈரம் புகுந்தால் பொறி எழாது. எத்துணை உதைத்தும் பயனில்லை. மூடியைக் கழற்றி உலர்துணியால் ஒற்றல் வேண்டும். தேங்கிய நீரைக் கடந்தவுடன் டிரம் பிரேக்கு பிடிக்காது; சிறிது தூரம் மெல்ல அழுத்தியவாறே செல்வோம், சூடேறி உலரும்வரை. மார்கழியிலோ, ஆலைக்குச் செல்லும் டிராக்டரினின்று வீழ்ந்த கரும்பு பனிமூட்டத்தில் புலப்படாது. அதற்கு மருந்து வேகத்தைக் குறைத்தலே.

தை பிறந்தது. தந்தையார் மட்கார்டின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் உரைத்திலர். சாவி எம்மிடமே உளது.