பரிசு மிட்டாய்

கணக்கு வாத்தியார் என்றால் பிள்ளைகளுக்குப் பயம் என்பது உலக வழக்கம். அந்த அவப்பெயரைப் போக்கிக்கொள்ள நாம் ஓர் உபாயம் செய்து வந்தோம். நமது மேஜையின்மீது ஒரு கண்ணாடி ஜாடி; அது நிறைய மிட்டாய். வாய்ப்பாட்டைத் தவறின்றி ஒப்பிக்கும் பையனுக்கு உடனே ஒன்று உண்டு. பதினேழு வருஷமாக அந்த ஜாடி காலியானதே இல்லை. நமது கீர்த்தியும் குறையவில்லை.

சென்ற ஆடி மாதத்தில், ஜாடிக்கு நெருங்கிய சிநேகிதனான நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று வாய் திறவாதவனானான். கேட்டால் கன்னத்தைக் கையால் பொத்திக்கொள்வான். பல்வலி என்று தெரிந்ததும் நாம் வெகு சாதாரணமாக, "பால் பல்தானே, தம்பி! விழுந்து முளைத்துவிடும், இலவங்கத்தை வைத்துக் கடி" என்று சொல்லி அனுப்பினோம். பட்டம் பெற்றவர்கள் சொன்னால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். அவன் தாயாரும் நம்பிவிட்டார். ஒரு வாரத்துக்கெல்லாம் பையனுக்கு முகம் வீங்கி, ஜுரமும் கண்டது.

தகப்பனார் வெளியூரில் இருந்தபடியால் பல் வைத்தியரிடம் நாமும் உடன் சென்றோம். அவர் பார்த்துவிட்டு, "இது பால் பல் அல்ல. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கிற நிலையான கடைவாய்ப்பல். இது போனால் வேறு முளைக்காது" என்றார். அந்தப் பல் போய்விட்டது. தாயார் எம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகிறது. ஆகையால் எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதும் பெரிய கணக்கு. மணிக்கு ஒரு மிட்டாய் தின்னும் பையனின் பல்லுக்கு ஓய்வே கிடையாது. 'வெல்லத்தில் செய்த கடலைமிட்டாய் ஆயிற்றே' என்பார்கள். கிருமிகளுக்குச் சுதேசி, விதேசி என்ற பேதம் தெரியாது!

ஸ்வீடன் தேசத்தில், லுண்ட் நகரத்து விபேஹோல்ம் ஆஸ்பத்திரியில், 1940-களின் பிற்பகுதியில் இதைப் பரீட்சித்தார்கள். வேண்டாமென்று மறுக்க வகையற்ற மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, சிலருக்கு நாளொன்றுக்கு 24 வரை, ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பற்களைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். 1954-இல் வெளியான முடிவு, உணவுக்கு இடையே தின்னும் ஒட்டும் இனிப்பே மிகப் பொல்லாதது என்பது. அத்தேசத்தார் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்று வழக்கப்படுத்திக்கொண்டார்கள். பரீட்சை செய்த விதம் கொடுமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பதினேழு வருஷம் கண்ணாடி ஜாடி வைத்திருந்தவர் அதை உரக்கச் சொல்வதில் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் இவ்வளவையும் சொன்னோம். பையன் பெயரை விட்டுவிட்டு, நம் பெயரைச் சேர்த்துச் சொன்னோம். இரவு படுக்குமுன் பல் துலக்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் உண்டு என்று கேட்டபோது நான்கு கைகள் உயர்ந்தன. ஐந்தாவதாக உயர்த்தியிருக்க வேண்டிய நமது கையும் அன்று உயரவில்லை.

பையன் பள்ளிக்குத் திரும்பினான். பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்துவிட்டு, வழக்கம்போல் ஜாடியைப் பார்த்தான். அதில் சாக்குக் கட்டிகள் இருந்தன. ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, "சார், கடிக்கலாமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவனும், கன்னத்தைப் பொத்தாமல், சிரித்தான்.