வளைந்த சொல்

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்காகக் குச்சவெளியில் எங்கள் பாடசாலை வாயிலில் பதாகை கட்டினோம். கணினியில் அதை வடிவமைத்தவன் நான். விரித்த புத்தகத்தின் மேல்விளிம்போடு ‘வாசிப்போம்’ என்ற சொல்லை வளைத்துப் பொருத்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையுமிருந்தது.

3ஆம் தரப் பிள்ளையொருவன் எழுத்துக்கூட்டினான்: “வாசிப்…பாம்.” வாசிப்பு மாதத்தை யாரோ இகழ்ந்தது போலிருந்தது. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலை கவிழ்ந்தான்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பாமினி எழுத்துருவில் ‘போ’ என்பது கொம்பு, பகரம், கால் என மூன்று துண்டுகள். வளைகோட்டில் மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே திருப்பி வைக்கிறது. புத்தகத்தின் நடுப்பள்ளத்தில் கொம்பு சாய்ந்து, முன்னிருந்த ‘ப்’போடு ஒட்டிவிட்டது. பிள்ளை கண்ணில் பட்டதைத்தான் வாசித்திருக்கிறான்.

ஓட்டோமான் சுல்தான்களின் துக்ராவில் அறபு எழுத்துகள் எவ்வளவோ வளைகின்றன. எதை எங்கே நீட்டுவதென்று அங்கே ஒரு கை தீர்மானித்தது. தண்டியலங்காரம் சொல்லும் நாகபந்தத்திலும் ஒவ்வோர் எழுத்தும் முழுதாகவே நிற்கும். வளைவது பாம்பின் உடல்தான். நானோ தீர்மானத்தை மென்பொருளிடம் விட்டுவிட்டேன்.

மறுநாள் வேறு பதாகை கட்டினோம். படம் வளைந்திருந்தது, சொல் நேராக நின்றது. பிழை என்னுடையதென்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையையே வாசிக்க அழைத்தேன்.