ஈரத் தோலும் ஃப்ளாஷ் வெளிச்சமும்

பல்லி தலையில் விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கும் நமக்கு, அதே பல்லியைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, பெயர் சூட்டி, புழு ஊட்டி வளர்ப்பது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பெரிய பொழுதுபோக்கு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலங்களைச் சேர்ந்த லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி, அங்கே எத்தனையோ வீடுகளில் செல்லப்பிராணி. தென் அமெரிக்கக் காட்டு டார்ட் தவளையும் அப்படித்தான்.

வளர்த்தால் போதுமா? படம் எடுக்க வேண்டாமா? அங்கேதான் தகராறு ஆரம்பம்!

டார்ட் தவளைகளில் சில இனங்கள் 2 சென்டிமீட்டர்கூட இருக்காது. படம் முழுக்க அது தெரிய வேண்டுமென்றால் மேக்ரோ லென்ஸோடு கிட்டே போக வேண்டும். தவளையின் உண்மை அளவிலேயே பிம்பம் விழும்படி நெருங்கினால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். கண் தெளிவாக இருந்தால் மூக்கு மங்கல். சரி, அப்பர்ச்சரைக் குறைக்கலாம் என்றால் வெளிச்சம் குறையும். போதாததற்கு, அவ்வளவு நெருக்கத்தில் சென்சாருக்கு வரும் வெளிச்சமே நான்கில் ஒரு பங்காகிவிடும். வணிகவியல் பாஷையில் சொன்னால் ஆழம் வரவு, வெளிச்சம் செலவு. துண்டு விழுவதை எங்கிருந்தாவது ஈடுகட்டியே ஆக வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மேசை விளக்கு. ஹாலஜன் விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தகிக்கும். தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது, ஓரளவு மூச்சும் விடுகிறது. அந்தத் தோல் காய்ந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. எல்இடி விளக்கில் சூடு குறைவு, ஆனால் மலிவானவை மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். தவிர, தவளையின் தொண்டை ஓயாமல் துடிக்கும். ஷட்டர் மெதுவானால் அந்த இடம் கலங்கிவிடும்.

எனவே ஃப்ளாஷ். குறைந்த சக்தியில் வைத்தால் அதன் மின்னல் ஒரு நொடியில் 10,000-ல் ஒரு பங்குகூட நீடிக்காது. துடிப்பு உறைந்துவிடும், சூடும் இல்லை. ஆனால் ஈரத் தோலில் நேரடியாக அடித்தால் அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்து நிறமே போய்விடும். இதற்கு மருந்து டிஃப்யூசர். காசு போட்டு வாங்கவும் தேவையில்லை, ஒரு டிரேசிங் பேப்பர் போதும். அஞ்சலட்டை அளவுக் காகிதத்தைத் தவளைக்கு மேலே, சில அங்குலத்தில் பிடித்தால் அதற்கு அது மேகமூட்டமான வானம் மாதிரி. அதே காகிதத்தை மூன்றடி தள்ளி வைத்தால் வெறும் புள்ளி! தாடைக்குக் கீழே விழும் நிழலுக்கு ஒரு வெள்ளை அட்டை. தொட்டிக்கு வெளியிலிருந்து எடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, ஃப்ளாஷை மேல் மூடியின் வலை வழியாக அடிக்க வேண்டும். போலரைசர் போட்டு மினுமினுப்பை முழுவதும் நீக்கவும் முடியும். ஆனால் மினுமினுப்பே இல்லாத தவளை ரப்பர் பொம்மை போலிருக்கும்.

அடுத்தது கண். ஹெல்மெட் கெக்கோ என்ற இரவுப் பல்லியின் கண், மங்கிய ஒளியில் நிறம் பார்ப்பதில் மனிதக் கண்ணைவிட 350 மடங்கு கூர்மையானது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-ல் எழுதினார்கள். நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் நிலா வெளிச்சத்தில் அதற்கு நிறம் தெரிகிறது. அப்படிப்பட்ட கண்ணில், இருட்டறையில், முழுச் சக்தியில் ஃப்ளாஷ் அடித்தால்? லெப்பர்ட் கெக்கோவுக்காவது இமை உண்டு, மூடிக்கொள்ளும். கிரஸ்டட் கெக்கோவுக்கு அதுவும் இல்லை. நாக்கால்தான் கண்ணையே துடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் அறை விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட வேண்டும். கண்மணி கோடாகச் சுருங்கும். பிறகு பக்கவாட்டிலிருந்து, குறைந்த சக்தியில், நாலைந்து படத்தோடு நிறுத்திவிட வேண்டும். இதில் இன்னொரு லாபம்: கண்மணி சுருங்கினால்தான் கருவிழியின் அழகான கோலம் படத்தில் வரும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் செய்யும் காரியம்தான் கொடுமை. பகலில் தூங்கும் சிவப்புக்கண் மரத்தவளையைக் குத்தி எழுப்புகிறவர்கள் உண்டு. ஆடாமல் இருக்க வேண்டுமென்று பல்லியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் பல்லி அமைதியாக இல்லை, அசைய முடியாமல் கிடக்கிறது. தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள அதனால் முடியாது. படத்தைப் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது, "ஆஹா" என்பார். பாராட்டு எடுத்தவருக்கு, பில் மட்டும் பல்லிக்கு.

ஆசை உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு திராட்சையில் தண்ணீர் தெளித்து, அதை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். தவளைத் தோல் மாதிரியே பளபளக்கும். எல்லாம் சரியான பிறகு தவளையை அழைத்தால், இரண்டு நிமிடத்தில் அது தன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திராட்சையும் வீணாகாது, நீங்களே சாப்பிட்டுவிடலாம்!